சூரிய அஸ்தமனப் படமும் மாஸ்க்கும்: புதியவர்களுக்கு ஒரு விளக்கம்

சூரியன் மறையும் நேரத்தில் எடுத்த படத்தை யாரிடமாவது காட்டி, "வானம் நல்லா வந்திருக்கு, ஆனா கீழே எல்லாம் கறுப்பா இருக்கே" என்று கேளுங்கள். "ஒரு மாஸ்க் போட்டு எடிட் பண்ணுங்க, சரியாயிடும்" என்று உடனே பதில் வரும். பதில் சரிதான். மாஸ்க் என்றால் என்ன என்று அடுத்துக் கேட்டால்தான் ஆளுக்கொரு விளக்கம் கிடைக்கும். அது ஒரு ஃபில்டர் என்பார் ஒருவர். வேண்டாத பகுதியை மறைக்கும் கருவி என்பார் இன்னொருவர். வானத்தைத் தனியாக வெட்டி எடுப்பது என்று மூன்றாமவர் சொல்வார்.

மாஸ்க்கை 'முகமூடி' என்று தமிழில் சொல்லப்போய் இந்தக் குழப்பம் இன்னும் கூடிவிட்டது. முகமூடி முகத்தை மறைக்கும். படத் திருத்தத்தில் வரும் மாஸ்க் எதையும் மறைப்பதில்லை, எதையும் வெட்டுவதுமில்லை. ஒரு திருத்தம் படத்தின் எந்தெந்த இடத்தில் எவ்வளவு படவேண்டும் என்று சொல்லும் அளவுக் குறிப்பு அது. இதில் 'எங்கே' என்பது பலருக்கும் புரிந்துவிடுகிறது. 'எவ்வளவு' என்பதைத்தான் தவறவிடுகிறார்கள். அஸ்தமனப் படங்களில் மலைக்கு மேல் ஒரு வெள்ளைக் கோடு ஓடுவதும், சூரியன் சாம்பல் நிற வில்லையாக மாறுவதும் அதனால்தான்.

கட்டுரை முழுக்க ஒரே படத்தை வைத்துப் பேசுவோம். கடற்கரையில் எடுத்தது. 6000 பிக்சல் அகலம், 4000 பிக்சல் உயரம். வலப்பக்கம் கடலுக்குச் சற்று மேலே சூரியன். இடப்பக்கம் மணலில் ஒரு படகு. அடியில் இருண்ட ஈரமணல், உச்சியில் எதுவும் இல்லாத வானம். வலது ஓரத்தில் பாதி தெரியும் ஒரு விளக்குக் கம்பம். கம்பத்தை நீக்கவும், படகையும் சூரியனையும் நெருக்கமாகக் காட்டவும் படத்தை கிராப் செய்கிறோம். ஓரங்களை நறுக்கி உள்ளே ஒரு புதிய சட்டம் வகுப்பதுதான் கிராப். இடப்பக்கம் 300 பிக்சல், வலப்பக்கம் 900, மேலே 800, கீழே 500 போகிறது. மிஞ்சுவது 4800-க்கு 2700.

## ஒரே ஸ்லைடர் ஏன் போதாது

கண் ஒரு காட்சி முழுவதையும் ஒரே அமைப்பில் பார்ப்பதில்லை. வானத்தை நோக்கும்போது பாவை சுருங்குகிறது, மணலை நோக்கும்போது விரிகிறது. இப்படித் துண்டுதுண்டாகப் பார்த்ததையெல்லாம் மூளை ஒன்றாக்கித் தருகிறது. அதனால் அங்கே நின்றபோது படகின் நிறமும் தெரிந்தது, வானத்தின் நிறமும் தெரிந்தது. கேமராவுக்கு அந்த வசதி இல்லை. ஒரு கிளிக்குக்கு ஓர் அளவு வெளிச்சம்தான்.

இங்கே ஒரு சொல்லை அறிமுகப்படுத்த வேண்டும்: ஸ்டாப். ஒளி இரண்டு மடங்கானால் ஒரு ஸ்டாப் கூடியது, பாதியானால் ஒரு ஸ்டாப் குறைந்தது. வானத்துக்கும் மணலுக்கும் 5 ஸ்டாப் வித்தியாசம் என்றால் வானம் மணலைவிட 32 மடங்கு பிரகாசம் என்று பொருள். 2, 4, 8, 16, 32 என்று ஐந்து முறை இரட்டிக்கிறது. மறையும் சூரியனை நோக்கி எடுக்கும் படத்தில் இப்படிப்பட்ட வித்தியாசம் சாதாரணம்.

இந்த நிலையில் எக்ஸ்போஷர் ஸ்லைடரை, அதாவது மொத்த வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்லைடரை, வலப்பக்கம் தள்ளினால் படகு தெரியும், வானம் வெளுத்துவிடும். இடப்பக்கம் தள்ளினால் வானம் திரும்பும், படகு இருட்டுக்குள் போய்விடும். ஸ்லைடரில் தவறில்லை. படம் முழுவதற்கும் ஒரே பதிலைத்தான் அதனால் தர முடியும். இந்தப் படத்துக்கோ இரண்டு மூன்று பதில்கள் தேவைப்படுகின்றன.

## விளக்கும் சுவரும் நடுவே கையும்

இருட்டறையில் விளக்குக்கும் சுவருக்கும் நடுவே கையை நீட்டிப் பாருங்கள். கை சுவரை ஒட்டி இருந்தால் நிழலின் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் கூர்மையாக விழும். கையை விளக்குப் பக்கம் கொண்டுபோகப் போக ஓரம் கரையும். எங்கே நிழல் முடிகிறது, எங்கே வெளிச்சம் தொடங்குகிறது என்று சொல்ல முடியாத ஒரு நடுப்பகுதி உருவாகும். மாஸ்க்கின் மூன்று தன்மைகளும் இந்தச் சுவரிலேயே இருக்கின்றன: நிழல் விழாத இடம், முழுதாக விழுந்த இடம், பாதியும் காலும் முக்காலுமாக விழுந்த நடுப்பகுதி.

உவமைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. ஃபிலிம் காலத்து இருட்டறையில் புகைப்படக்காரர்கள் உண்மையிலேயே இப்படித்தான் வேலை செய்தார்கள். ஃபிலிமில் உள்ள படத்தைப் பெரிதாக்கித் தாளில் விழவைக்கும் எனலார்ஜரின் ஒளிக்கும் அச்சுத்தாளுக்கும் நடுவே கையையோ அட்டைத் துண்டையோ பிடித்து, ஓரம் பதியாமல் இருக்க அதை அசைத்துக்கொண்டே இருப்பார்கள். ஒளி குறைவாகப் பட்ட இடம் அச்சில் வெளிறும். அதற்கு டாட்ஜிங் என்று பெயர். ஒளி கூடுதலாகப் பட்ட இடம் கறுக்கும், அது பர்னிங். அமெரிக்கப் புகைப்படக்காரர் ஆன்செல் ஆடம்ஸ் 1941-இல் நியூ மெக்ஸிகோவின் ஹெர்னாண்டஸ் ஊரில் எடுத்த நிலவு எழும் படத்தின் பிந்தைய அச்சுகளில் வானம் ஏறக்குறைய முழுக் கறுப்பு. முந்தைய அச்சுகளில் அத்தனை கறுப்பு கிடையாது. ஒரே நெகட்டிவ்தான், பர்னிங்கின் அளவு மாறியிருக்கிறது.

அதற்கும் முன்னால், 1850-களில், பிரான்ஸின் புகைப்படக்காரர் குஸ்தாவ் லு கிரே கடல் படங்களில் இதே சிக்கலைச் சந்தித்தார். அன்றைய தகடுகளில் கடலுக்கு ஏற்றபடி ஒளி கொடுத்தால் வானம் வெறும் வெள்ளையாக வரும். அவர் தம் சில படங்களில் வானத்துக்கு ஒரு நெகட்டிவ், கடலுக்கு ஒரு நெகட்டிவ் என்று தனித்தனியே எடுத்து, அடிவானக் கோட்டில் இணைத்து அச்சிட்டார். மாஸ்க் என்பது கணினி வந்த பிறகு நுழைந்த ஏமாற்று வேலை என்று நினைப்பவர்களுக்கு இதை அவசியம் சொல்லவேண்டும். வானத்துக்கும் தரைக்கும் வேறு வேறு ஒளி தேவை என்ற சிக்கல் புகைப்படக் கலையின் வயதை ஒட்டியது.

## மாஸ்க்கின் உள்ளே இருப்பது

கணினியில் மாஸ்க் என்பதும் ஒரு படம்தான். நம் படத்தின் அதே அகல உயரம் கொண்ட, வண்ணமில்லாத, கறுப்பு வெள்ளைப் படம். வெள்ளையாக உள்ள இடத்தில் திருத்தம் முழுதாகப் படும். கறுப்பாக உள்ள இடத்தில் படவே படாது. சாம்பல் நிறத்தில் அதன் வெளுப்புக்கு ஏற்ற அளவு படும். அவ்வளவுதான் மாஸ்க்.

தோட்டத்துக் குழாயை நினைத்துப் பாருங்கள். மெயின் குழாயை எவ்வளவு திறப்பது என்பது ஸ்லைடர். ஒவ்வொரு செடியின் அடியிலும் உள்ள சிறு திருகு எவ்வளவு திறந்திருக்கிறது என்பது மாஸ்க். மெயின் குழாய் மூடியிருந்தால் திருகுகள் திறந்திருந்தும் தண்ணீர் வராது. அதனால்தான் மாஸ்க் வரைந்த உடனே படத்தில் எந்த மாற்றமும் தெரிவதில்லை. ஸ்லைடரை நகர்த்தும்வரை அது காத்திருக்கிறது. புதிதாகத் தொடங்குபவர்கள் பலர் இந்த இடத்தில், "வரைஞ்சுட்டேன், ஒண்ணும் ஆகலையே" என்று குழம்புவார்கள்.

கணக்கும் எளிது. ஒரு பிக்சலின் பழைய வெளிச்ச மதிப்பு 200. திருத்தம் முழுதாகப் பட்டால் 120 ஆகும் என்று வைத்துக்கொள்வோம். அந்த இடத்தில் மாஸ்க்கின் அளவு 25 சதவீதம். பழையதில் முக்கால் பங்கு 150, புதியதில் கால் பங்கு 30, இரண்டும் சேர்ந்து 180. படத்திலுள்ள ஒவ்வொரு பிக்சலுக்கும் மென்பொருள் செய்வது சாராம்சத்தில் இந்தக் கலவைதான். மென்பொருளுக்கு மென்பொருள் நுணுக்கம் மாறும், கருத்து மாறாது.

வெள்ளையிலிருந்து கறுப்புக்கு மாஸ்க் எவ்வளவு தூரத்தில் இறங்குகிறது என்பதற்கு ஃபெதர் என்று பெயர். கையை விளக்குப் பக்கம் நகர்த்தியபோது ஓரம் கரைந்ததே, அதுதான். ஃபெதர் குறைவென்றால் கூர்மையான ஓரம், அதிகமென்றால் கண்ணுக்குத் தெரியாத ஓரம்.

வேலை செய்யும்போது மாஸ்க் பட்ட இடத்தைப் பல மென்பொருள்கள் சிவப்புப் பூச்சாகக் காட்டும். கணினிக்கு முந்தைய அச்சுத் தொழிலில் சிவப்பு ஃபிலிமை வெட்டி ஒட்டித்தான் ஒளி படக்கூடாத இடங்களை அடைத்தார்கள். அந்தச் சிவப்பின் நீட்சி இது. இந்தப் பூச்சு பார்வைக்காக மட்டும் காட்டப்படுவது, படத்தில் சேராது.

இதுவரை சொன்னதைத் திரட்டினால்: மாஸ்க் ஒரு கறுப்பு வெள்ளை அளவுப் படம், ஸ்லைடர் திருத்தத்தின் பலம், இரண்டும் சேர்ந்தால்தான் விளைவு, ஓரத்தின் மென்மை ஃபெதர்.

## கிராப் முதலில், ஏன்?

கிராப்பும் மாஸ்க்கும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத வேலைகள் என்று பலர் நினைக்கிறார்கள். தொடர்பு நிறைய உண்டு.

கிராப் செய்தவுடன் படத்தின் வெளிச்சச் சமநிலை மாறுகிறது. நம் படத்தின் அடியிலிருந்து 500 பிக்சல் இருண்ட மணல் போய்விட்டது. ஒரு பிக்சல்கூட வெளிச்சமாகவில்லை, ஆனால் படம் முன்பைவிட வெளிச்சமாகத் தெரிகிறது. எவ்வளவு பிக்சல்கள் எவ்வளவு வெளிச்சத்தில் உள்ளன என்று காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமும் கிராப்புக்குப் பிறகு வலப்பக்கம் சாய்கிறது. உச்சியில் இருந்த வெற்று வானம் போனதால் சூரியனைச் சுற்றிய ஒளி சட்டத்தில் பெரிய பங்கைப் பிடித்துக்கொள்கிறது. முழுப் படத்தைப் பார்த்து வானத்தை எவ்வளவு இருட்டலாம் என்று முடிவு செய்திருந்தால், அந்த முடிவு இப்போது பொருந்தாது. சட்டத்தை முடிவு செய்யாமல் மாஸ்க் வரைவது, சுவரின் அளவு தெரியாமல் திரை தைப்பதைப் போன்றது.

அடுத்தது பிக்சல் கணக்கு. 6000-க்கு 4000 என்றால் 24 மெகாபிக்சல், அதாவது 2 கோடியே 40 லட்சம் புள்ளிகள். 4800-க்கு 2700 என்றால் 13 மெகாபிக்சலுக்குச் சற்றுக் குறைவு. ஏறக்குறைய பாதி போய்விட்டது. 4கே திரைக்கு 3840-க்கு 2160 போதும் என்பதால் இதில் பதற ஒன்றுமில்லை. ஆனால் கிராப் செய்த படத்தை முன்பு காட்டிய அதே அகலத்துக்குப் பெரிதாக்கிக் காட்டும்போது புள்ளிகளும் ஒன்றேகால் மடங்கு பெரிதாகின்றன. இருட்டில் பொறிப்பொறியாகத் தெரியும் இரைச்சல், மாஸ்க் ஓரத்தில் செய்த பிழை எல்லாம் சேர்ந்தே பெரிதாகும். கிராப் அதிகமானால் மாஸ்க்கில் நிதானமும் அதிகம் வேண்டும்.

பலரும் கவனிக்காத மூன்றாவது தொடர்பு ஒன்று உண்டு. பெரும்பாலான லென்ஸ்கள் படத்தின் மூலைகளைச் சற்று இருட்டாகப் பதியும். இதற்கு விக்னெட்டிங் என்று பெயர். முழுப் படத்தில் இது நான்கு மூலைகளிலும் ஒரே அளவில் இருப்பதால் உறுத்தாது. நாம் இடப்பக்கம் 300, வலப்பக்கம் 900 என்று சமமில்லாமல் வெட்டியிருக்கிறோம். இடது மூலைகளின் இருட்டு பெரும்பாலும் தங்கிவிட்டது, வலப்பக்கத்து இருட்டில் பெரும்பகுதி போய்விட்டது. வானம் ஒருபக்கம் சாய்ந்ததுபோல் தோன்றினால் இதையும் சந்தேகிக்கவேண்டும். மாஸ்க் வரையும் முன் மென்பொருளில் லென்ஸ் திருத்தத்தை இயக்கிவிட்டால் இது சமமாகும். மூலைகளை இருட்டாக்குவது அழகென்று நீங்களே சேர்ப்பதாக இருந்தால், புதிய சட்டத்தின் ஓரங்களைப் பின்பற்றும் விக்னெட் வசதியைத் தேர்ந்தெடுங்கள்.

கிராப் செய்தால் வெட்டிய பகுதி ஒழிந்துவிடுமா? லைட்ரூம், டார்க்டேபிள் போன்ற படத் திருத்த மென்பொருள்களில் ஒழியாது. அவை கிராப்பை ஒரு கட்டளையாகக் குறித்துவைக்கின்றன, அசல் ஃபைலைத் தொடுவதில்லை. மாஸ்க்கும் முழுப் படத்தின் அளவில் சேமிக்கப்படுவதால், பிறகு சட்டத்தைச் சற்று நகர்த்தினால் மாஸ்க் தன் இடத்திலேயே நிற்கும். போட்டோஷாப்பில் வெட்டிய பிக்சல்களை நீக்கும் தேர்வு இயங்கிக்கொண்டிருந்தால் அவை உண்மையிலேயே போய்விடும். அந்தத் தேர்வை அணைத்துவிட்டு வேலையைத் தொடங்குவது நல்லது.

சுருக்கமாக: சட்டத்தை முடிவு செய்யுங்கள், லென்ஸ் திருத்தத்தை இயக்குங்கள், படம் முழுவதற்குமான எக்ஸ்போஷரை ஓரளவு சரிசெய்யுங்கள். அதன் பிறகு மாஸ்க்.

## மாஸ்க் வரையும் வழிகள்

வகைகள் பார்வைக்கு நிறையத் தெரியும். எல்லாமே அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தை உருவாக்கும் வேறு வேறு வழிகள்தான்.

நேர்கோட்டுச் சரிவு ஒரு முனையில் முழுதாகத் தொடங்கி மறுமுனையில் பூஜ்யமாகக் கரையும். மேல்பாதி இருட்டான கண்ணாடியை லென்ஸின் முன் மாட்டும் பழைய முறையின் மறுவடிவம் இது. வட்டச் சரிவு ஒரு நீள்வட்டத்தின் நடுவிலிருந்து வெளியே கரையும். பிரஷ் நாமே கையால் பூசுவது. வெளிச்ச வரம்பு, நிற வரம்பு என்ற இரண்டும் 'இவ்வளவு வெளிச்சமுள்ள பிக்சல்கள் எல்லாம்', 'ஆரஞ்சு நிறப் பிக்சல்கள் எல்லாம்' என்று தன்மையை வைத்துத் தேர்ந்தெடுக்கும். கடைசியாக வந்தது, வானம் எது, ஆள் எது என்று கணினியே கண்டுபிடிக்கும் முறை. 2021-இல் லைட்ரூமில் இது சேர்ந்தபோது பல மணிநேர வேலை சில நொடிகளாகச் சுருங்கியது.

ஒன்றோடு ஒன்றைக் கூட்டலாம், ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கலாம், இரண்டும் சேருமிடத்தை மட்டும் எடுக்கலாம். இந்த மூன்றாவது வசதி அஸ்தமனப் படங்களுக்கு ஒரு கொடை. 'நேர்கோட்டுச் சரிவு', 'வானம்' இரண்டும் சேருமிடம் என்று சொன்னால், மேலிருந்து மெல்லக் கரைந்து வரும் இருட்டு படகின் பாய்மரத்தைத் தொடாமல் வானத்தில் மட்டும் விழும். கண்ணாடி ஃபில்டரால் இதைச் செய்ய முடியாது. அதன் கோடு மலையையும் மரத்தையும் சேர்த்தே இருட்டாக்கும்.

## படத்தில் செய்து பார்ப்போம்

முதலில் வானம். சட்டத்தின் உச்சிக்கும் மேலே, வெட்டுப்பட்ட பகுதியிலிருந்தே சரிவைத் தொடங்கி, அடிவானத்தை நெருங்கும்போது கரையும்படி இழுக்கிறேன். சட்டத்துக்கு வெளியே தொடங்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. அப்படித் தொடங்கினால் சரிவு நீளமாகி மென்மையாகும். எக்ஸ்போஷரை அரை ஸ்டாப்பிலிருந்து முக்கால் ஸ்டாப்வரை குறைத்தால் எனக்குப் போதும். ஒரு ஸ்டாப்புக்கு மேல் போகும்போது மாலை வானம் புயல் வானமாகத் தோன்ற ஆரம்பிக்கும்.

இங்கே கடலை மறந்துவிடக்கூடாது. வானத்தை மட்டும் இருட்டாக்கிக் கடலை அப்படியே விட்டால் நீர் வானத்தைவிடப் பளிச்சென்று தெரியும். நீர் தன்மேல் விழும் ஒளியில் ஒரு பங்கைத்தான் திருப்பி அனுப்புகிறது. மீதி உள்ளே போய்விடுகிறது. ஆகவே பிரதிபலிப்பு, அது காட்டும் வானத்துண்டைவிடப் பிரகாசமாக இருக்க வழியில்லை. பார்ப்பவருக்கு இந்த விதி தெரியாமல் இருக்கலாம். ஆனால் வாழ்நாள் முழுக்க நீரைப் பார்த்த கண் அது. ஏதோ சரியில்லை என்று அது சொல்லிவிடும். கணினி கண்டுபிடிக்கும் 'வானம்' மாஸ்க்கில் பிரதிபலிப்பு சேராது. கடலுக்கு இன்னொரு மாஸ்க் போட்டு அதையும் கொஞ்சம் இறக்குங்கள்.

அடுத்து மணலும் படகும். வெளிச்ச வரம்பு மாஸ்க்கால் இருண்ட பிக்சல்களைப் பிடித்து, படத்தின் கீழ்ப்பாதியோடு சேருமிடத்தை எடுத்து, ஒரு ஸ்டாப் கூட்டலாம். இதற்கு ஒரு விலை உண்டு. ஒளி சீராகப் பொழிவதில்லை, மழைத்துளிபோல் எண்ணிக்கையில் ஏறி இறங்கிக்கொண்டே விழுகிறது. ஒரு பிக்சலில் 10,000 ஒளித்துகள்கள் விழுந்தால் ஏற்ற இறக்கம் சுமார் 100, அதாவது 1 சதவீதம். 100 துகள்கள் மட்டும் விழும் இருண்ட பிக்சலில் அது சுமார் 10, அதாவது 10 சதவீதம். மணலில் தெரியும் பொறிப்பொறியான இரைச்சலின் பெரும்பகுதி இதுதான். வெளிச்சத்தைக் கூட்டும்போது அதையும் தூக்கிக் காட்டுகிறோம், கிராப் அதைப் பெரிதாக்குகிறது. எனவே அதே மாஸ்க்கில் இரைச்சல் குறைப்பையும் சேர்த்துக் கொடுங்கள். வானத்துக்குத் தேவையில்லாத மருந்தை மணலுக்கு மட்டும் கொடுக்க மாஸ்க் இருக்கிறதே.

படகை எவ்வளவு தூக்குவது என்பது ரசனை சார்ந்தது. ஆனாலும் ஒரு வரம்பு இருப்பதாக நான் உறுதியாக நம்புகிறேன். ஒளி படகுக்குப் பின்னாலிருந்து வருகிறது. படகின் நம் பக்கம், பின்னால் உள்ள வானத்தைவிட இருட்டாகத்தான் இருக்கவேண்டும். பலகையின் ஒவ்வொரு ஆணியும் தெரியும்வரை தூக்கினால், யாரோ முன்னாலிருந்து ஃபிளாஷ் அடித்ததுபோல் ஆகிவிடும். அந்த மாலை காணாமல் போய்விடும்.

## சூரியனை என்ன செய்வது

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஒவ்வொரு பிக்சலும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று எண்களால் ஆனது. சாதாரண ஜேபெக் படத்தில் ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. ஒளி அதற்குமேல் வந்தாலும் எண் 255-இல் முட்டி நின்றுவிடும். இதைத்தான் கிளிப்பிங் என்கிறோம். சூரியனுக்குச் சற்றுத் தள்ளி வானம் ஆரஞ்சு. சிவப்பு 250, பச்சை 150, நீலம் 60 என்று வைத்துக்கொள்வோம். இன்னும் நெருங்கினால் ஒளி கூடுகிறது, ஆனால் சிவப்பால் 255-ஐத் தாண்ட முடியாது. பச்சை மட்டும் 230-க்கு ஏறுகிறது. சிவப்பும் பச்சையும் ஏறக்குறைய சமமானால் திரையில் மஞ்சள். இன்னும் நெருங்கினால் மூன்றும் 255, வெள்ளை. நடுவில் வெள்ளை, சுற்றி மஞ்சள் வளையம், அதற்கப்பால் ஆரஞ்சு. பல அஸ்தமனப் படங்களில் காணும் அந்த மஞ்சள் வளையம் பெரும்பாலும் இப்படி எண்கள் முட்டி நின்றதால் வந்தது.

இப்போது ஒரு வட்ட மாஸ்க் போட்டு வெளிச்சத்தைக் குறைத்தால் என்ன ஆகும்? 255, 255, 255 என்பது 200, 200, 200 ஆகும். மூன்றும் சமமாக இருந்தால் அது சாம்பல் நிறம். சூரியன் இருந்த இடத்தில் ஒரு மங்கிய தகடு. அங்கே நிறம் பதியவே இல்லை, மாஸ்க்கால் அதை வரவழைக்க முடியாது. கேமரா சென்சாரின் மூலத் தரவான ரா ஃபைலாக எடுத்திருந்தால் ஓரங்களில் கூடுதல் விவரம் மீளும். மூன்று எண்களும் நிரம்பிவிட்ட நடுவில் அதுவும் கைவிடும்.

ஆகவே சூரியனின் நடுவை வெள்ளையாகவே விடுங்கள். கண்ணுக்கும் அது அப்படித்தான் கூசியது. வேலை செய்யவேண்டியது அதைச் சுற்றியுள்ள ஒளிவெள்ளத்தில். வானில் சூரியனின் குறுக்களவு சுமார் அரை டிகிரிதான். 36 மில்லிமீட்டர் அகல சென்சாரில் 24 மில்லிமீட்டர் லென்ஸால் எடுத்த நம் 6000 பிக்சல் படத்தில் அது 37 பிக்சல் அளவே வரும். படத்தில் பெரிதாகத் தெரிவது சூரியன் இல்லை, அதைச் சுற்றிப் பரவிய கூசொளி. சூரியனின் அளவுக்குச் சின்ன வட்டம் போடாமல், அகலமான, ஃபெதர் மிகுந்த நீள்வட்டம் போட்டு, வண்ண வெப்பத்தை, அதாவது நிறத்தை நீலத்துக்கும் மஞ்சளுக்கும் நடுவே நகர்த்தும் ஸ்லைடரை, மஞ்சள் பக்கம் கொஞ்சம் நகர்த்தினால் போதும். கிராப்புக்குப் பிறகு சூரியன் வலது ஓரத்துக்கு அருகே வந்துவிட்டதால் நீள்வட்டத்தின் ஒரு பகுதி சட்டத்துக்கு வெளியே போகும். போகட்டும். ஒளியும் சட்டத்தோடு நிற்பதில்லை.

## நிறத்தையும் இடம் பார்த்துக் கொடுக்கலாம்

மறையும் சூரியனின் ஒளி, உச்சி வெயிலைவிட ஏறக்குறைய 38 மடங்கு காற்றைக் கடந்து நம்மிடம் வருகிறது. வழியில் நீல ஒளி அதிகமாகச் சிதறிவிட, அடிவானம் சிவந்து தெரிகிறது. அதே நேரத்தில் தலைக்கு மேலே வானம் இன்னும் நீலம்தான். அதாவது ஒரே வானத்தில் சூடான நிறமும் குளிர்ந்த நிறமும் சேர்ந்தே இருக்கின்றன.

படம் முழுவதையும் மஞ்சளாக்கும் ஸ்லைடர் இந்த இணைப்பைக் கெடுத்துவிடும். மேல்வானத்து நீலம் சேறாகிவிடும். அடிவானத்தை ஒட்டிய கிடைக்கோட்டுப் பட்டையில் மட்டும் சூட்டைக் கூட்டி, மேல்வானத்தையும் நிழற்பகுதி மணலையும் நீலத்தில் விட்டுப் பாருங்கள். சூட்டைக் கூட்டிய அளவு குறைவாக இருந்தாலும் பக்கத்தில் நீலம் இருப்பதால் ஆரஞ்சு இன்னும் ஆழமாகத் தெரியும்.

## காட்டிக்கொடுக்கும் ஓரங்கள்

மாஸ்க் போட்டது தெரிகிறது என்று யாராவது சொன்னால், பெரும்பாலும் அவர்கள் பார்த்தது ஹேலோவை. இருண்ட பொருளின் விளிம்பை ஒட்டி ஓடும் வெளிறிய கோடு அது. வானத்தை இருட்டாக்கிய மாஸ்க் பாய்மரத்துக்கு இரண்டு பிக்சல் முன்பே நின்றுவிட்டால், அந்த இரண்டு பிக்சல் பழைய வெளிச்சத்திலேயே இருக்கும். சுற்றிலும் இருண்டதால் அது கோடாகப் பளிச்சிடும். மாஸ்க் பாய்மரத்தின்மேல் ஏறிவிட்டால் இதற்கு நேர்மாறாக மரத்தின் ஓரம் அழுக்குப் படிந்ததுபோல் கறுக்கும். கயிறு, வலை, இலை, தலைமுடி போன்ற மெல்லிய பொருள்களில் கணினியின் தானியங்கித் தேர்வு தடுமாறும் இடமும் இதுவே.

மருந்து இரண்டு. படத்தை 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, மாஸ்க்கைக் கறுப்பு வெள்ளையாகக் காட்டச் சொல்லி, அடிவானக் கோட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பொறுமையாக நகர்ந்து பாருங்கள். விடுபட்ட இடம் படத்தில் எளிதில் தெரியாது, மாஸ்க்கில் உடனே தெரியும். சின்ன பிரஷ்ஷால் கூட்டியோ கழித்தோ சரிசெய்துவிடலாம். இரண்டாவது மருந்து, திருத்தத்தின் பலத்தைக் குறைப்பது. இரண்டு ஸ்டாப் வித்தியாசத்தில் அலறும் ஓரம் அரை ஸ்டாப்பில் கண்ணில் படாது. நுட்பமாக வெட்டிய மாஸ்க்கைவிட மிதமாகத் தள்ளிய ஸ்லைடர் அதிகப் படங்களைக் காப்பாற்றியிருக்கிறது என்பது என் அனுபவம்.

வானத்தில் படிக்கட்டுப்போல் பட்டைகள் தெரிந்தால் அது வேறு சிக்கல், பேண்டிங். ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். மெல்ல மாறும் வானத்துக்கு அதில் சில பத்துப் படிகளே கிடைக்கும். மாஸ்க் போட்டு அவற்றை இழுத்தால் படிகளுக்கு நடுவே இடைவெளி விழும். 14 பிட் ரா ஃபைலில் 16,384 படிகள் இருப்பதால் இழுக்க இடமுண்டு. கைபேசியில் ஜேபெக்காக எடுத்த படமென்றால் வானத்தைக் கொஞ்சமாகத் தொடுங்கள், கடைசியில் மெல்லிய கிரெயின், அதாவது ஃபிலிம் படங்களில் தெரியும் பொடிப்பொடியான புள்ளிகள், சேருங்கள். பட்டைகளின் கோடுகள் அதில் உடைந்துவிடும்.

எல்லாம் முடிந்த பிறகு இதே படத்துக்குச் சதுரச் சட்டமும் வேண்டுமென்றால், முடித்த படத்தை நறுக்காமல் ஒரு மெய்நிகர் பிரதி (ஃபைலை நகலெடுக்காமல் திருத்தக் கட்டளைகளை மட்டும் நகலெடுப்பது) எடுத்து அதில் கிராப்பை மாற்றுங்கள். மாஸ்க்குகள் அவை வரைந்த இடத்திலேயே இருக்கும். ஆனால் சதுரத்துக்குள் படகோ சூரியனோ ஒன்றுதான் முழுதாக அடங்கும், வானத்தின் பங்கும் மாறிவிடும். சூரியன் வெளியே போய்விட்டால் அதற்காகப் போட்ட நீள்வட்டத்தின் மஞ்சள் வால் மட்டும், காரணம் தெரியாத கறையாக வலது ஓரத்தில் மிஞ்சி நிற்கும். அந்த மாஸ்க்கை அணைத்துவிட்டு, வானத்துச் சரிவைக் கால் ஸ்டாப் தளர்த்தி, படகின் வெளிச்சத்தை மறுபடி பாருங்கள்.